ஆண்பூச்சி கிடைக்கும்வரை

லெட்னியா டுமானா. பார்த்தவுடன் இலத்தீன் என்று தோன்றும். ஆனால் ரஷ்ய மொழி. ‘ல்யோத்’ என்றால் பனிக்கட்டி. ‘துமான்’ என்றால் மூடுபனி. 1952-ல், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நாட்களில், இண்டியானா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு நூலொன்றில் ராக்கி மலைப் பூச்சி ஒன்றுக்கு இந்தப் பெயர் வைக்கப்பட்டது. வைத்தவர் வில்லியம் எட்வின் ரிக்கர் என்னும் கனடாக்காரர். மீன்வளத் துறையினர் அவரை அறிந்திருப்பது வேறு காரணத்துக்காக. முட்டையிட வரும் மீன்களின் எண்ணிக்கைக்கும் அடுத்த தலைமுறையில் தேறும் மீன்களின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவைச் சொல்லும் ‘ரிக்கர் சமன்பாடு’ 1954-ல் அவர் தந்தது. ரஷ்ய மீன்வள ஆய்வுகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். மீன் அவருக்கு உத்தியோகம். ஸ்டோன்ஃப்ளை எனப்படும் ஓடைப்பூச்சி அவருக்கு ஆசை. ஸபாடா என்றால் மேற்கு, விசோகா என்றால் உயரம், மலென்கா என்றால் சின்னது, போட்மோஸ்டா என்றால் பாலத்தடி. அமெரிக்க ஓடைப்பூச்சிகளுக்கு இப்படி வரிசையாக ரஷ்யப் பெயர்களைச் சூட்டிவிட்டுப் போனார். பெயரிடும் விதிகள் இதைத் தடுக்கவில்லை. இலத்தீன் எழுத்தில் எழுதமுடிகிற எந்தச் சொல்லும் செல்லும்.

ஸ்டோன்ஃப்ளை என்பதை அப்படியே தமிழாக்கினால் கல் ஈ. ஆனால் ஈக்கு இரண்டு சிறகு, இதற்கு நான்கு. ஈயோடு உறவும் கிடையாது. எனவே இங்கே கற்பூச்சி என்று சொல்கிறேன். ஓடையில் கல்லைப் புரட்டினால் அதன் அடிப்பக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நழுவி ஓடுகிற சின்ன உருவம்தான் இதன் இளம்பூச்சி. வால் இரண்டு, ஒவ்வொரு காலின் நுனியிலும் நகம் இரண்டு. அதே கல்லில் கூடவே இருக்கும் மேஃப்ளை என்னும் வேறொரு நீர்ப்பூச்சியின் இளம்பூச்சிக்குப் பெரும்பாலும் வால் மூன்று, நகம் ஒன்று. இந்த இரண்டு அடையாளம் தெரிந்தால் பள்ளி மாணவர்கூட கற்பூச்சி வரிசையைப் பிரித்துவிடலாம். மாதக்கணக்கில், சில இனங்களில் மூன்று நான்கு ஆண்டு, நீருக்குள் வளர்ந்து, கடைசியில் கரையேறித் தோலுரித்துச் சிறகு பெற்று, சில நாளோ சில வாரமோ வாழ்ந்து முட்டையிட்டு முடிந்துபோகும். குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீர் இல்லாத இடத்தில் பெரும்பாலான இனங்கள் நிற்காது. நீரின் தரத்தை அளப்பவர்கள் இதைத் தேடுவது அதனால்தான். பிரிட்டனில் 1980-ல் வகுத்த மதிப்பெண் முறையில், பெர்லிடே குடும்பத்துக் கற்பூச்சி ஓடையில் இருந்தாலே பத்துக்குப் பத்து.

உலகில் இதுவரை பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 4,000 சிற்றினங்கள். லின்னேயஸ் 1758-ல் கையில் கிடைத்த சிலவற்றை வேறொரு நீர்ப்பூச்சிக் கூட்டமான காடிஸ்ஃப்ளைகளோடு சேர்த்துவிட்டார். 1839-ல் ஜெர்மன் அறிஞர் புர்மைஸ்டர்தான் இவற்றுக்குத் தனி வரிசைப் பெயர் தந்தார்: பிளிகாப்டெரா. ஓய்வில் இருக்கும்போது பின்சிறகுகள் விசிறிபோல மடிந்து முன்சிறகுக்கு அடியில் ஒடுங்குவதைச் சுட்டும் கிரேக்கப் பெயர் அது.

வரிசையைக் கண்டுபிடிப்பது எளிது என்றேன். குடும்பமும் பேரினமும் கொஞ்சம் பழக்கம் இருந்தால் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். இளம்பூச்சியை வைத்துக்கொண்டு சிற்றினம் எதுவென்று சொல்லமுடியாத பேரினங்களே அதிகம். பெண்பூச்சியிலும் பல நேரம் முடியாது. முதிர்ந்த ஆண் வேண்டும். அந்த ஆணிலும் வயிற்றின் கடைசி இரண்டு மூன்று கண்டங்கள் வேண்டும்.

லெட்னியா சேர்ந்த நெமூரிடே குடும்பத்தில், ஆணின் பத்தாவது வயிற்றுக் கண்டத்தின் மேல்புறம் நாக்குப்போல வளைந்து நிற்கும் கடினமான உறுப்பு ஒன்று உண்டு. எபிபிராக்ட் என்பார்கள். இணையும்போது பெண்ணின் இனப்பெருக்கத் துளையைத் திறக்க உதவுவது. அதன் நுனி கூர்மையா மழுங்கலா, பக்கத்தில் புடைப்பு உண்டா, அடிப்புறத்து முட்கள் எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்பதுதான் தீர்மானிக்கும். முழுப் பூச்சியே அரை சென்டிமீட்டர் என்றால் இந்த உறுப்பு எவ்வளவு இருக்கும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். வேலை இப்படி நடக்கும். எத்தனாலில் ஊறிய பூச்சியின் வயிற்று நுனியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போடுவார்கள். தசையெல்லாம் கரைந்துபோய் ஓடு மட்டும் கண்ணாடிபோல மிஞ்சும். அதைக் கிளிசரினில் மிதக்கவிட்டு, மேலிருந்து, பக்கத்திலிருந்து, கீழிருந்து வரைவார்கள். இப்போது எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் வந்துவிட்டன. ஆனாலும் நல்ல கோட்டோவியத்தைத் துறைக்காரர்கள் விடுவதில்லை. புகைப்படம் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் காட்டும். ஓவியர் எதைப் பார்க்கவேண்டுமோ அதைக் காட்டுவார்.

ஏன் இந்த உறுப்பு மட்டும்? பூச்சி உலகெங்கும் இனப்பெருக்க உறுப்புகள் உடலின் மற்றப் பாகங்களைவிட வேகமாக வேறுபடுகின்றன. இணை தேடும் போட்டியும் பெண்ணின் தேர்வும் அவற்றின்மீது நேரடியாக வேலை செய்வதே காரணம் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். நிறத்தையும் சிறகையும் தீர்மானிப்பது வேறு. அவை சூழலுக்கு ஏற்ப ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மாறலாம். நியூசிலாந்தின் ஸெலாண்டோபெர்லா ஃபெனஸ்ட்ராட்டா இதற்கு நல்ல உதாரணம். காட்டோரத்தில் அதில் கருநிறப் பூச்சிகள் அதிகம். அங்கே வாழும் ஆஸ்ட்ரோபெர்லா என்னும் இன்னொரு கற்பூச்சி சயனைடு சுரப்பது. அதன் கருநிறத்தைப் போலி செய்து பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது இது. காடு வெட்டப்பட்ட இடங்களில் விஷப்பூச்சி மறைய, போலி வேடத்துக்குப் பயன் இல்லாமல் வெளிர்நிறப் பூச்சிகள் பெருகிவிட்டன. 2024-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது. நிறத்தை நம்பிப் பெயர் வைத்திருந்தால் ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் ஆகியிருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடந்திருக்கிறது, அதுதான் அதிகம். 1839-ல் நியூமன் என்பவர் ஓர் அமெரிக்கக் கற்பூச்சிக்குக் கிளைமீனி என்று பெயரிட்டார்; இன்று அது நியோபெர்லா கிளைமீனி. அதன்பின் நூறாண்டுக்கு மேல் வட அமெரிக்காவில் எங்கே நியோபெர்லா பிடிபட்டாலும் அந்தப் பெயரே ஒட்டப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். இந்தப் பேரினத்தின் ஆண்குறி மென்சவ்வுக் குழல். உடலுக்குள்ளே மடிந்து கிடக்கும். அதை வெளியே புரட்டி உருட்டினால்தான் உள்முட்களின் அமைப்பு தெரியும். 1978-ல் ஸ்டார்க், பாமன் என்னும் இரு ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். முட்டை ஓட்டின் வரிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். ‘ஒரே இனம்’ பல இனங்களாகப் பிரிந்தது. இன்று வட அமெரிக்காவில் நியோபெர்லா சிற்றினங்கள் பன்னிரண்டுக்கும் மேல். நூறாண்டுக் காலம் ஆய்வாளர்கள் எழுதிய ‘கிளைமீனி’ குறிப்புகளில் எது எந்தப் பூச்சியைப் பற்றியது? மாதிரியைப் பாதுகாத்து வைத்திருந்தால் திரும்பப் பார்க்கலாம். வைக்காதவர்களின் குறிப்பு வீண்.

நியோபெர்லா நம் பக்கத்துக்கும் உரியதுதான். ஆசிய, ஆப்பிரிக்க வெப்ப மண்டல ஓடைகளில் பரவிய பெரிய பேரினம் அது. 2007-ல் ‘அக்வாட்டிக் இன்செக்ட்ஸ்’ இதழில் தமிழ்நாட்டிலிருந்து நியோபெர்லா பைசீரியேட்டா என்ற புதிய சிற்றினம் வெளிவந்தது. ஜெர்மனியின் பீட்டர் ஸ்விக், தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் அன்பழகன், தினகரன் ஆகிய மூவரும் எழுதியது. ‘பைசீரியேட்டா’ என்றால் இரண்டு வரிசை கொண்டது என்று பொருள். ஓடைகளைக் கணக்கெடுக்கும் அறிக்கைகளில் இளம்பூச்சிகள் மட்டுமே கிடைப்பதால் வழக்கமாக ‘நியோபெர்லா எஸ்பி.’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். பேரினம் தெரியும், சிற்றினம் தெரியாது என்பதற்கான குறி அது. நேர்மையான குறிதான். ஆனால் இரண்டு மலைகளின் அறிக்கைகளில் ஒரே ‘எஸ்பி.’ இருப்பதைப் பார்த்து இரண்டிலும் ஒரே பூச்சி வாழ்கிறது என்று யாராவது முடிவு கட்டினால், கிளைமீனியின் கதைதான் திரும்ப நடக்கும்.

உறுப்புகளைத் தவிர இன்னொரு சாட்சியமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அது. வட அரைக்கோளக் கற்பூச்சிகள் தாளம் போடுகின்றன. ஆண் தன் வயிற்று நுனியைக் கிளையிலோ சருகிலோ தட்டுகிறது. இன்னும் இணையாத பெண் கேட்டால் பதிலுக்குத் தட்டுகிறது. காதால் கேட்கும் ஒலியைவிட காலடியில் உணரும் அதிர்வு இது. பெண் பதில் தந்த திசையை நோக்கி ஆண் நடக்கும், நின்று மறுபடி தட்டும். எத்தனை தட்டு, தட்டுக்கிடையே எத்தனை இடைவெளி என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. உருவத்தில் பிரிக்கமுடியாத இரண்டு பூச்சிகள் தாளத்தில் பிரிந்துபோவதும் உண்டு. தென் அரைக்கோளத்துக்குரிய கிளைக் குடும்பங்களில் இந்தப் பழக்கமே இல்லை.

ஒரு பூச்சியைப் ‘புதியது’ என்று நிறுவுவது, உண்மையில் அது பழையவற்றில் எதுவும் இல்லை என்று நிறுவுவதே. இந்த வேலையில் பெரும்பகுதி ஓடையில் நடப்பதில்லை. தபாலிலும் அருங்காட்சியக அலமாரியிலும் நடக்கிறது. அந்தப் பேரினத்தில் இதுவரை வெளிவந்த எல்லா விவரிப்புகளையும் படிக்கவேண்டும். எந்த மொழியில் எந்த மூலையில் அச்சானாலும் சரி, முன்னால் வந்த பெயருக்கே உரிமை. படித்தது போதாது, மூல மாதிரியைப் பார்க்கவேண்டும். ஹோலோடைப் எனப்படும் அந்த ஒற்றைப் பூச்சிதான் பெயருக்குச் சொந்தக்காரர். நூலில் எழுதியது தவறாக இருந்தாலும் பெயர் அந்த உடலோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். 1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய சிற்றினத்துக்கும் மூல மாதிரியை வெளிப்படையாகச் சுட்டாவிட்டால் பெயர் செல்லாது என்கிறது சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு. முந்தைய காலத்தவர்கள் இவ்வளவு கறாராக இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஃபிரான்சிஸ் வாக்கர் போன்றவர்கள் உலகெங்குமிருந்து வந்த பூச்சிகளுக்குக் கும்பல் கும்பலாகப் பெயரிட்டார்கள், நாலு வரி நிற விவரணையோடு. குண்டூசியில் குத்திக் காய்ந்துபோன அந்த மாதிரியைத் தேடி எடுத்தால் அது பெண்ணாக இருக்கும். அல்லது வயிறே உதிர்ந்துபோயிருக்கும். அப்போது அந்தப் பெயரை எந்தப் பூச்சியோடும் பொருத்தமுடியாது; ஐயப்பெயர் என்று ஒதுக்கி வைப்பார்கள். செத்துப்போன பெயர், ஆனால் புதைக்கவும் வழியில்லை.

இதையெல்லாம் கடந்து வரும் கட்டுரை பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆணின் விவரணை, பெண்ணின் விவரணை, கிடைத்திருந்தால் இளம்பூச்சி. எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை ஆண், எத்தனை பெண், யார் பிடித்தது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயருக்குக் காரணம். நெருங்கிய உறவுப் பூச்சிகளிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது என்று ஒரு பத்தி. அந்த ஒரு பத்திக்காகத்தான் மற்றதெல்லாம்.

லெட்னியாவுக்குத் திரும்புவோம். ரிக்கர் இதை நெமூரா என்ற பெரிய பேரினத்துக்குள் ஓர் உட்பிரிவாகத்தான் வைத்திருந்தார். 1975-ல் ரிச்சர்ட் பாமன் நெமூரிடே குடும்பத்தை உலக அளவில் திருத்தி எழுதியபோது ரிக்கரின் ரஷ்ய உட்பிரிவுகள் தனிப் பேரினங்களாயின. லெட்னியாவில் அப்போது ஒரே சிற்றினம்: டுமானா. மொண்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், பனியாறும் தேங்கிய பனியும் உருகி வழியும் நீரின் தலைமாட்டில் வாழ்வது. இளம்பூச்சி உறைநிலைக்குச் சற்று மேலான நீரில் வளர்கிறது. சிறகு முளைத்தவை கோடையில், மலையேறும் பாதையிலிருந்து பனி விலகிய சில வாரங்களில், பாறைமேல் ஊர்ந்து திரியும். அந்தச் சில வாரத்தில் ஒருவர் சரியான ஓடைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஆண் கிடைக்கும்.

2010 வரை ஒன்றாகவே இருந்தது. அந்த ஆண்டு பாமனும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் போரிஸ் கொண்ட்ராட்டியெஃபும் ‘இல்லீசியா’ இதழில் எழுதினார்கள். கற்பூச்சிகளுக்கென்றே 2005-ல் தொடங்கப்பட்ட இணைய இதழ் அது; ஜெர்மன் அறிஞர் யோவாகிம் இல்லீஸ் நினைவாக வைத்த பெயர். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைப் பூச்சி லெட்னியா சியரா. வாஷிங்டன் மாநிலத்துக் காஸ்கேட் மலைப் பூச்சி லெட்னியா போரியாலிஸ். 2012-ல் வயோமிங் மாநில டீட்டன் மலையிலிருந்து நான்காவது: லெட்னியா டெட்டோனிக்கா, பாமனும் கால் என்பவரும் எழுதியது. டார்பி பள்ளத்தாக்கில் விண்ட் கேவ் என்னும் குகையிலிருந்து வெளியேறும் குளிர்நீரில் பிடித்தது. ஆணின் எபிபிராக்டை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நான்கும் நான்காகத் தெரியும். (பெயர்களைப் பொறுத்தவரை என் ஓட்டு ரிக்கருக்கு. பனிக்கட்டியும் மூடுபனியும் பூச்சியைச் சொல்கின்றன. சியராவும் டெட்டோனிக்காவும் தபால் முகவரி.)

நான்கு மலைத்தொடர், நான்கு பூச்சி, நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சூடான தாழ்நிலம். அரை சென்டிமீட்டர் பூச்சி அதைப் பறந்து கடக்க வழியில்லை. ஒரு காலத்தில் குளிர் கீழே வரை பரவியிருந்தபோது ஒன்றாக இருந்தவை, வெப்பம் ஏற ஏறத் தத்தம் மலையுச்சியில் சிக்கிப் பிரிந்திருக்கவேண்டும் என்பதே இந்த வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும் ஊகம். பூச்சிகளுக்கு அந்த மலைகள் தீவுகள்.

இந்தப் பிரிப்பை நான்கு பேர் படிக்கும் இதழில் நடந்த நான்கு பேரின் சச்சரவு என்று ஒதுக்கிவிட முடியாது. அதே நேரத்தில் இன்னொரு மேசையில் ஒரு கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. 2007-ல் இன்று வைல்ட்எர்த் கார்டியன்ஸ் எனப்படும் அமைப்பு, லெட்னியா டுமானாவை அமெரிக்காவின் அழிவாபத்து உயிரினச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரும்படி மனுக் கொடுத்திருந்தது. பனியாறுகள் கரைவதே காரணம். கிளேசியர் பூங்காவின் பெயர்பெற்ற பனியாறுகளில் 0.1 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ளவை 1966-ல் 35 இருந்தன, 2015-ல் 26. மனு 2011-ல் ‘தகுதி உண்டு, ஆனால் முன்னுரிமை வேறு’ என்ற பதிலோடு நின்றது, 2016-ல் முன்மொழிவானது, 2019 நவம்பரில் ‘அச்சுறுத்தலுக்குள்ளான’ இனம் என்று அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு. பூச்சியின் ஆயுளோடு ஒப்பிட்டால் எத்தனை தலைமுறை!

1973-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு இருக்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளில் ஓர் இனம் முழுவதும் ஆபத்தில் இல்லாவிட்டாலும், அதன் தனித்த ஓர் உள்ளூர்க் கூட்டத்தை மட்டும் பாதுகாக்கலாம். ஒரு மலையின் ஓநாயை, ஓர் ஆற்றின் சால்மனை அப்படிக் காத்திருக்கிறார்கள். பூச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. சிற்றினமாகவோ உள்ளினமாகவோ பெயர் இருந்தால்தான் சட்டத்தின் வாசலுக்கே வரமுடியும். ஆக, சியரா மலைப் பூச்சி டுமானாவாகவே இருந்திருந்தால், அது அங்கே அடியோடு அழிந்தாலும் சட்டத்தின் கண்ணில் ஓர் இனத்தின் பரப்பு கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான். தனிப் பெயர் வந்தபின் அதே இழப்பு முழு இழப்பு. டுமானாவுக்கும் அப்படித்தான்: கலிஃபோர்னியாவிலும் காஸ்கேடிலும் வேறு பங்காளிகள் இருக்கிறார்கள் என்று இனிச் சொல்லமுடியாது. ஓர் எபிபிராக்டின் வளைவு எங்கே திரும்புகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு எடை ஏறியதை வகைப்பாட்டியலாளர்கள் எதிர்பார்த்து எழுதவில்லை. அவர்களுடைய கட்டுரை பேசுவது பூச்சியைப் பற்றி மட்டுமே. நல்லதுதான். பாதுகாக்க வசதியாக இருக்கும் என்று இனங்களைப் பிரிக்க ஆரம்பித்தால் இரண்டு வேலையும் கெடும்.

பனியாறு போனால் பூச்சியும் போகும் என்ற எளிய சமன்பாடு முழுக்க நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2020-ல் அமெரிக்க அறிவியல் அகாடமியின் இதழில் முல்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் எழுதிய ஆய்வு, கிளேசியர் பூங்காவில் பனியாறு கரைந்துபோன பள்ளத்தாக்குகளிலும் உருகுநீர்ப் பூச்சிக் கூட்டங்கள் இன்னும் நீடிப்பதைக் காட்டியது. பருவப் பனியும் ஊற்றும் பாறைக் குவியலுக்கடியில் மறைந்த பனிக்கட்டியும் நீரைக் குளிராகவே வைத்திருக்கின்றன. அதே ஆண்டு ஹோட்டாலிங் குழுவினர் இளம்பூச்சிகளைச் சூடாக்கிப் பார்த்ததில், அவை தாம் வாழும் நீரைவிட அதிகமான வெப்பத்தைச் சிறிது நேரம் தாங்கின. இதில் சோதிக்கப்பட்டவற்றில் டெட்டோனிக்காவும் ஒன்று. சிறிது நேரம் தாங்குவது வேறு, வாழ்நாள் முழுவதும் அந்தச் சூட்டில் வளர்ந்து முட்டையிடுவது வேறு. ஆனாலும் பூச்சி உருகுநீரில் இருப்பது குளிர் வேண்டும் என்பதாலா, மற்ற இடங்களில் போட்டி தாங்காததாலா என்ற கேள்வி இப்போது திறந்து கிடக்கிறது.

பெயர் தாமதமாக வந்த ஒன்றின் கதையும் உண்டு. 1860-ல் இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்ட் பகுதியில் பிடித்த சில கற்பூச்சிகள் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1981-ல் சர்டிக் என்ற ஆய்வாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, இது எதிலும் சேராது என்று அல்லோபெர்லா ராபர்டி எனப் பெயரிட்டார். அதற்குள் நூற்றிருபது ஆண்டு போய்விட்டது. அந்தப் பூச்சி மறுபடி யாருக்கும் கிடைக்கவில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அதை அற்றுப்போனவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. குண்டூசியும் சீட்டும் இல்லாதிருந்தால் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது.

2019-ல் டுமானாவோடு சேர்ந்தே சட்டப் பட்டியலுக்குள் வந்த மற்றொரு பூச்சி ஸபாடா கிளேசியர். பாமனும் காஃபினும் 1971-ல் விவரித்தது. இதன் தொல்லை டுமானாவினுடையதைவிடப் பெரிது. ஸபாடாவில் பல சிற்றினங்கள் ஒரே ஓடையில் கலந்து வாழும். இளம்பூச்சிகளிலும் பெண்களிலும் கிளேசியரை மற்றவற்றிலிருந்து பிரிக்கமுடியாது. ஆண் வேண்டும், ஆண் வெளியே வரும் நாட்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. முன்பு ஆறு ஓடைகளில் பதிவாகியிருந்தது. இப்போதும் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆணை மட்டும் நம்பியிருந்தால் விடை கிடைக்க ஒரு தலைமுறை ஆகும். ஜியர்ஷ் தலைமையிலான குழு, அடையாளம் உறுதியான முதிர்ந்த பூச்சிகளிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் துண்டொன்றை எடுத்து அடித்தளமாக வைத்துக்கொண்டது. 2003-லிருந்து உயிரிகளின் ‘பார்கோடு’ என்று புழங்கும், சுமார் 650 எழுத்து நீளமுள்ள துண்டு அது. பிறகு ஓடை ஓடையாக எடுத்த இளம்பூச்சிகளை அதோடு ஒப்பிட்டார்கள். 2015-ல் வெளியான விடை: பழைய ஆறில் ஒன்றில்தான் இருக்கிறது, புதிதாக, இன்னும் மேலே, இரண்டு இடத்தில் இருக்கிறது. அதன்பின் இதே வழியில் தேடியபோது பூங்காவுக்கு வெகு தெற்கே, டீட்டன் மலையிலும் பேர்டூத் மலையிலும்கூட அகப்பட்டது. ஆண்பூச்சிக்காகக் காத்திருந்த காலத்தில் அங்கெல்லாம் அது ‘ஸபாடா எஸ்பி.’ ஆகவே குப்பிகளில் கிடந்திருக்கும்.

மரபணு வந்துவிட்டது, இனி எபிபிராக்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மரபணு எழுத்துகள் தாமாக எந்தப் பெயரையும் சொல்வதில்லை. பெயருள்ள ஓர் உடலிலிருந்து எடுத்த எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் சொல்லும். அந்த முதல் உடலுக்குப் பெயர் வந்தது கிளிசரினில் மிதந்த வயிற்று நுனியைப் பார்த்துத்தான். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவதால், நெருங்கிய இரண்டு இனம் எப்போதோ கலந்திருந்தால் பார்கோடு தவறான வீட்டைக் காட்டவும் கூடும். அதனால்தான் ஆய்வகத்தில் இளம்பூச்சியை முழுதாக அரைத்துவிடுவதில்லை. ஒரு காலை மட்டும் வெட்டி மரபணு எடுக்கிறார்கள். மீதி ஐந்து காலோடு அது எண்ணிட்ட குப்பிக்குள், எத்தனாலில், அலமாரிக்குத் திரும்புகிறது.